வயிற்றில் பிள்ளை, முதுகில் கூடை: இதை நிறுத்துங்கள்

பசறையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் நமுனுகுலைச் சரிவுகளிலும் ஏழாம் மாதம் நடக்கும் பெண் இன்றும் கூடையோடுதான் தேயிலை மலைக்குப் போகிறாள். இடுப்பு கழன்றுவிடும்போல வலிக்கிறது, தொடை இடுக்கில் குத்துகிறது, காலை எடுத்து மேல்படியில் வைக்க முடியவில்லை என்று அவள் சொன்னால், பெரட்டுக்களத்திலும் டிஸ்பென்சரியிலும் சொந்த லயத்திலும் கிடைப்பது ஒரே பதில்: "புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும்." இந்தப் பதிலைச் சொல்பவர்கள் அனைவரையும் இந்தத் தலையங்கம் கண்டிக்கிறது. துரை சொன்னாலும் தப்பு, தலைவர் சொன்னாலும் தப்பு, மருந்துக்காரர் சொன்னால் அது இன்னும் பெரிய தப்பு.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நாட்டின் பழைய தொழிற்சட்டங்களில் ஒன்று. பிரசவ விடுமுறைக் காசு பற்றித்தான் அந்தச் சட்டத்தை நம் மக்கள் அறிந்திருக்கிறார்கள். பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு அதைவிடப் பெரிய பாதுகாப்பைத் தருகிறது. ஒரு பெண் கர்ப்பமாக இருப்பது தெரிந்தபின், பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதங்களிலும் பிந்திய மூன்று மாதங்களிலும் அவளுக்கோ பிள்ளைக்கோ தீங்கு தரக்கூடிய எந்த வேலையிலும் அவளை அமர்த்தக் கூடாது. நிர்வாகம் இரங்கினால் செய்யலாம் என்று அங்கே எழுதப்படவில்லை. அமர்த்தக் கூடாது என்பதே கட்டளை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாத் தாய்மாருக்கும் 12 வார விடுமுறை உண்டு. அதில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன், பத்து வாரம் பின். அப்படியானால் தீங்கான வேலை தடைசெய்யப்பட்ட, பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதங்களில் ஏறக்குறைய பத்துப் பதினொரு வாரங்கள் அவள் வேலைக்கு வந்தே ஆகவேண்டும். பிரசவத்துக்குப் பிறகும் அதே கதை. பத்து வாரம் முடிந்து அவள் திரும்பும்போது மூன்று மாதத் தடை முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முன்னும் பின்னுமான இந்த வாரங்களில் அவள் எந்த வேலையைச் செய்கிறாள்? எட்டு மாத வயிற்றோடு மலையேறியவள், பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மறுபடியும் அதே கூடையைத்தான் தூக்குகிறாள். சட்டம் கண் திறந்து நிற்கும் வாரங்களில் அதை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

கொழுந்தெடுப்பது தீங்கான வேலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணியின் உடம்பில் நடப்பதை அறிந்தால் அந்தக் கேள்வி எழாது. கர்ப்பத்தில் சுரக்கும் ரிலாக்சின் முதலிய ஹோர்மோன்கள் இடுப்பு மூட்டுகளைக் கட்டியிருக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. பிள்ளை வெளியே வர வழிவிடும் ஏற்பாடு அது. முன்புறத்தில் பூப்பென்புகள் இரண்டும் சந்திக்கும் இணைப்பு, பின்புறத்தில் முதுகெலும்பின் அடி இடுப்பெலும்போடு சேரும் இரு மூட்டுகள், இந்த மூன்றும் கீல் தளர்ந்த கதவைப்போல ஆடத் தொடங்குகின்றன. வயிறு முன்னே வளர, உடம்பின் பாரமையம் முன்னே நகர்கிறது. அதைச் சமன்செய்ய முதுகு பின்னே வளைகிறது. அடிவயிற்றுத் தசைகள் இழுபட்டு வலுவிழக்கின்றன. கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இடுப்பு வளைய வலி வருகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. நாரி வலியையும் சேர்த்தால் பாதிப் பேருக்கு மேல் வருவார்கள்.

இந்த வலியை எது கூட்டும் என்பதிலும் மருத்துவத்தில் குழப்பமில்லை. ஒற்றைக் காலில் உடம்பின் பாரத்தைப் போடுவது, படியேறுவது, காலை அகல விரித்துத் தாண்டுவது, ஒரு பக்கமாகச் சுமப்பது, முறுகித் திரும்புவது, நெடுநேரம் நிற்பது ஆகியவை. இந்தப் பட்டியலை வாசிக்கும் எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் இது நம் மலையில் ஒரு நாள் வேலையின் விவரம் என்று புரியும். சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்பது, நிரையிலிருந்து நிரைக்குக் கானைத் தாண்டுவது, தலையில் மாட்டிய கயிற்றில் தொங்கும் கூடை கழுத்தையும் முதுகையும் பின்னே இழுக்க, வயிறு முன்னே இழுப்பது, நிறைந்த கொழுந்தைத் தராசு வரை சுமந்து நடப்பது. மழைநாளில் நனைந்த கொழுந்து இன்னும் பாரம். ஆனால் அந்த ஈரத்தின் எடையை மடுவத்தில் கழித்துவிடுகிறார்கள். அவள் முதுகு சுமந்த எடையில் அது கழிவதில்லை.

சர்வதேச தொழில் அமைப்பு 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றிய மகப்பேற்றுப் பாதுகாப்புப் பரிந்துரை, கர்ப்பிணிக்கு ஆபத்தான வேலைகளைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. கையால் பாரம் தூக்குதல், சுமத்தல், தள்ளுதல், இழுத்தல். உடம்பின் சமநிலையைச் சிறப்பாகக் காக்கவேண்டிய வேலை. நெடுநேரம் நிற்பதால் உடல் வருந்தும் வேலை. இரசாயனங்களோடு புழங்கும் வேலை. இரசாயனத்தைத் தவிர்த்தாலும் மற்ற மூன்றும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒரே நேரத்தில் பொருந்துகின்றன. அதற்குப் பரிகாரத்தையும் அந்தப் பரிந்துரை வரிசைப்படுத்துகிறது: ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் வேலையின் நிலைமையை மாற்று, அதுவும் முடியாவிட்டால் சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு அனுப்பு, அதுவும் முடியாவிட்டால் சம்பளத்தோடு விடுமுறை கொடு. இந்த நான்கு படிகளில் பசறையின் எந்தத் தோட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று நிர்வாகங்கள் எழுத்தில் சொல்லட்டும்.

சில தோட்டங்களில் கர்ப்பிணிக்கு லயத்துக்குப் பக்கத்து மலையைக் கொடுக்கிறார்கள். சில இடங்களில் தவறணைக்கு, அதாவது நாற்றுமேடைக்கு, அனுப்புகிறார்கள். நல்ல மனம் உள்ள துரைமார் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் துரை மாறினால் மாறிவிடும் சலுகை உரிமையாகாது. தவறணை வேலை என்றாலே இலகு வேலை என்று நினைப்பதும் தவறு. குந்தியிருந்து மண் நிரப்புவதும் குனிந்து நாற்றுப் பைகளைத் தூக்கி அடுக்குவதும் தளர்ந்த இடுப்புக்குக் கொழுந்துக் கூடையைவிட நல்லது செய்யாது. உட்கார இருக்கையும் கை எட்டும் உயரத்தில் மேசையும் இருந்தால்தான் அது இலகு வேலை.

வலியோடு அவள் ஏன் போகிறாள் என்ற கேள்விக்குப் பதில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது. நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ரூபாயாக்கி, அதன்மேல் 200 ரூபாயை வருகை ஊக்குவிப்பாக அரசு தரும் என்று அறிவித்தது. சம்பள உயர்வை வரவேற்கிறோம். ஆனால் வந்தால்தான் காசு என்று எழுதும்போது வரமுடியாதவளை நினைத்துப் பார்த்தார்களா? இடுப்பு வலியால் படுக்கையில் புரளவே முடியாத காலையில் அவள் இழப்பது சம்பளத்தோடு சேர்த்து அந்த ஊக்குவிப்பையும். எப்படியோ ஏறிப் போனாலும் தோட்டம் கேட்கும் கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் பதினாறு, பதினெட்டு, இருபது. அது எட்டாவிட்டால் அரைப்பேர். இரட்டை உயிர் சுமக்கும் பெண்ணுக்கு அரை ஆளின் கூலி. இதற்கு மேல் ஒரு சமூகத்தை இழிவுபடுத்த வேறு கணக்கு வேண்டாம்.

தோட்ட நிர்வாகங்கள் சொல்லும் சாக்குகளை நாம் அறிவோம். "அவளே கேட்டுத்தான் வேலைக்கு வருகிறாள்" என்பது முதலாவது. பசி கேட்க வைப்பதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. சட்டத்தின் தடை வேலை கொடுப்பவர்மீது விதிக்கப்பட்டது. அவள் சம்மதம் அதைத் தளர்த்தாது. "நடமாட்டம் இருந்தால்தான் சுகப்பிரசவம்" என்பது இரண்டாவது. நடமாட்டம் நல்லதுதான். நாரி வலியையும் இடுப்பு வலியையும் தடுக்க முறையான உடற்பயிற்சி செய்யுமாறு உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டலும் சொல்கிறது. சமதரையில் கைவீசி நடப்பதும், பாரத்தோடு வழுக்கும் சரிவில் ஏறி இறங்குவதும் ஒன்றென்று அது சொல்லவில்லை. "எங்கள் பாட்டிமார் மலையிலேயே பெற்றெடுக்கவில்லையா" என்பது மூன்றாவது. பெற்றார்கள். அந்தக் காலத்தில் இறந்த தாய்மாரையும் பிள்ளைகளையும் பற்றி அதே பாட்டிமாரிடம் கேட்டுப்பாருங்கள்.

கடைசிச் சாக்கு செலவு. ஒரு தோட்டப் பிரிவில் ஒரே நேரத்தில் கர்ப்பமாக இருக்கும் தொழிலாளப் பெண்கள் கைவிரலில் அடங்குவார்கள். சில மாதங்களுக்கு அவர்களின் கிலோவை விட்டுக்கொடுப்பதால் எந்தக் கம்பனியும் மூழ்காது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் விளையும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி வாசமும் தனி விலையும் உண்டு. அந்த வாசத்தைக் கிள்ளியெடுக்கும் விரல்கள் இந்தப் பெண்களுடையவை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது இலாபம் மட்டும் போகவில்லை, சட்டப் பொறுப்பும் சேர்ந்தே போனது.

அடுத்த கண்டனம் சுகாதாரத்துறைக்கு. தாய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கை பெருமைப்படலாம். இந்த நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. தாய் ஒருத்தி இறந்தால் ஏன் இறந்தாள் என்று கூடி ஆராயும் முறை நம்மிடம் இருக்கிறது. ஆனால் இறக்காமல் வலிப்பவளுக்கு என்ன முறை இருக்கிறது? கிளினிக்கில் நிறை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், இரும்புக் குளிசையும் திரிபோஷாவும் கொடுக்கிறார்கள். "என்ன வேலை செய்கிறாய், எவ்வளவு பாரம் தூக்குகிறாய், எங்கே வலிக்கிறது" என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு தாயிடமும் கேட்டு அட்டையில் எழுதினால் என்ன குறைந்துபோகும்? தமிழ் தெரியாத உத்தியோகத்தர் முன்னால் தொடை இடுக்கு வலியைச் சொல்லக் கூச்சப்பட்டு எழுந்து வரும் பெண்ணின் மௌனத்தை "பிரச்சினை இல்லை" என்று பதிவதை என்னவென்று சொல்வது?

தோட்டப்புறத்து உடம்புகளின் நிலை தெரியாமல் இருப்பதாகவும் அதிகாரிகள் சொல்லமுடியாது. 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 சதவீதம். வளர்ச்சி குன்றிய பிள்ளை வளர்ந்து சிறிய உடம்புத் தாயாகிறாள். மலையும் கூடையும் அவளுக்காகச் சிறியதாவதில்லை. மலையில் மலசலகூடம் இல்லாததால் காலையிலிருந்து அடக்கி வைக்கிறாள், தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறாள். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றும் நாரி வலியாகவே தொடங்கும். அதையும் "புள்ளத்தாச்சி வலி" என்று சொல்லி சித்தாலேப்ப பூசி அனுப்பிவிடுகிறோம்.

தொழிற்சங்கங்களையும் விட்டுவிட முடியாது. கொழுந்தெடுப்பவர்கள் பெண்கள், மேடையில் இருப்பவர்கள் ஆண்கள். கம்பனிகளோடு சங்கங்கள் செய்த கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த நாட்களில் கர்ப்பிணியின் கிலோ பற்றி எத்தனை தலைவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் வாய் திறந்தார்கள்? 2021இல் கம்பனிகள் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிய பிறகு சம்பளமே எல்லாப் பேச்சுமாகிவிட்டது. சந்தாப் பணத்தைப் பெண்களின் சம்பளத்திலிருந்து பிடிக்கும் சங்கம், அந்தப் பெண்ணின் இடுப்பைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டால், சந்தா வாங்கவும் கூச்சப்படவேண்டும்.

எனவே எமது கோரிக்கைகள் இவை.

ஒன்று: தோட்டப்புறத்தில் கர்ப்பிணிகளுக்குத் தீங்கான வேலைகள் எவை என்று தொழில் ஆணையாளர் நாயகம் பட்டியலிட்டுச் சுற்றறிக்கை விடவேண்டும். சரிவில் கொழுந்தெடுத்தல், நிறைகூடையும் கொழுந்துச் சாக்கும் சுமத்தல், கவ்வாத்து, உரமும் மருந்தும் போடுதல் ஆகியவை அதில் இடம்பெறவேண்டும். அது தமிழில் ஒவ்வொரு பெரட்டுக்களத்திலும் ஒட்டப்படவேண்டும்.

இரண்டு: கர்ப்பம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து கிலோக் கணக்கு நிறுத்தப்படவேண்டும். முழுப்பேர் விழவேண்டும். கிளினிக் நாளும் வைத்தியர் ஓய்வு எழுதிக்கொடுத்த நாளும் வருகையாகக் கொள்ளப்பட்டு ஊக்குவிப்புக் கொடுப்பனவும் சேர்த்துத் தரப்படவேண்டும்.

மூன்று: அவள் சமமான, பாதையோர மலையில் கொழுந்தெடுக்க விரும்பினால், கூடையை நிறைய விடாமல் அடிக்கடி வாங்கிச் சுமக்க வேறொருவரை நியமிக்கவேண்டும். உட்கார ஓரிடமும் குடிநீரும் மலசலகூடமும் அருகில் இருக்கவேண்டும்.

நான்கு: ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒவ்வொரு கிளினிக்கிலும் வேலையையும் வலியையும் கேட்டுப் பதியவேண்டும். "இலகு வேலை" என்று அட்டையில் எழுதினால் அது நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தவேண்டும். மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கி, அங்கிருந்து பதுளைக்கு இன்னொரு பஸ் பிடித்துப் போ என்று இடுப்பு வலிக்காரியிடம் சொல்லாமல், இயன்மருத்துவர் குறித்த நாட்களில் பசறைக்கு வரவேண்டும். இடுப்புப் பட்டியும் அங்கேயே கிடைக்கவேண்டும்.

ஐந்து: மூன்று மாதம் என்ற எல்லையைப் பாராளுமன்றம் திருத்தவேண்டும். இந்த வலி பலருக்கு ஐந்தாம் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. பாதுகாப்பும் கர்ப்பம் தெரிந்த நாளிலேயே தொடங்கவேண்டும்.

இவை நிறைவேறும் வரை தாய்மார் வலியோடு காத்திருக்கவேண்டியதில்லை. குடும்ப நல உத்தியோகத்தர்களும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்களும் நாளைக்கே சொல்லிக்கொடுக்கக்கூடியவை இருக்கின்றன. பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணையோ மடித்த பழஞ்சேலையோ வைத்துத் தூங்குவது. எழும்போது முழங்கால்களைச் சேர்த்துப் புரண்டு, கையை ஊன்றி எழுவது. நின்றபடி ஒற்றைக் காலைத் தூக்காமல் உட்கார்ந்து உடுத்துவது. ஏறும்போது ஒவ்வொரு படியாக, வலி குறைந்த காலை முதலில் வைப்பது. மாலையில் காலை உயர்த்தி வைப்பது. கெண்டைக்கால் பிடித்திழுத்தால் பாதத்தை மேல்நோக்கி மடக்கி நீட்டுவது. வலிக்குப் பெனடோலை அளவறிந்து எடுக்கலாம். டைக்ளோபினாக், ஐபியூபுரூபன் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது, குறிப்பாகக் கர்ப்பத்தின் பிற்பாதியில் அவை பிள்ளையைப் பாதிக்கும்.

எந்த வலிக்குப் பொறுத்திருக்கக் கூடாது என்பதையும் புருஷன்மாரும் மாமியார்மாரும் அறிந்திருக்கவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால், காய்ச்சலோடு நாரி வலித்தால், விட்டுவிட்டு இறுக்கிப் பிடிக்கும் வலி மாதம் நிறையுமுன் வந்தால், முகமும் கையும் வீங்கித் தலையிடியும் பார்வை மங்கலும் சேர்ந்தால், இரத்தமோ நீரோ பட்டால், கால் மரத்து சிறுநீர் போவது தெரியாமலிருந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விடியட்டும், பேர் போட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லவேண்டாம். வீட்டுக்குள்ளும் ஒரு கண்டனம் உண்டு: மலையிலிருந்து இறங்கியவள் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் தூக்கவேண்டியிருந்தால், துரையைக் குறைசொல்ல அந்த வீட்டு ஆண்களுக்கு வாயில்லை.

சுற்றறிக்கை எழுத ஓர் அதிகாரிக்கு ஒரு நாள் போதும். அதை ஒட்டுவதற்கு ஒரு தோட்டத்துக்கு ஒரு காலை போதும். புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டிய கோரிக்கை ஐந்தில் ஒன்றுதான். மற்ற நான்குக்கும் தடையாக இருப்பது அலட்சியம் மட்டுமே. அடுத்த கச்சான் பருவத்துக்குக் கொழுந்து துளிர்க்குமுன் தொழில் திணைக்களம் பட்டியலை வெளியிடவேண்டும். வெளியிடாவிட்டால், சரிவில் கூடையோடு நிற்கும் ஒவ்வொரு கர்ப்பிணியும் மீறப்பட்ட சட்டத்தின் சாட்சி என்று கொண்டு, அவர்களின் முறைப்பாடுகளைப் பதுளைத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் பதியும் கடமை சங்கங்களுடையது. அதற்கு எந்தச் சங்கம் முதலில் பேனாவைத் திறக்கிறது என்று பார்ப்போம்.